செக்கிங் மேசையில் எண்பது ரூபாய் வித்தியாசம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒரே மேசையில் ஆண்கள் ஐந்து பேர், பெண்கள் பதினான்கு பேர். எல்லோருக்கும் ஒரே வேலைதான்: ஓட்டை, கறை, தையல் பிசகு பார்ப்பது, பிசிறு வெட்டுவது, அளவு சரிபார்த்து அடுக்குவது. ஆண்களுக்கு ஷிப்டுக்கு 470 ரூபாய், எங்களுக்கு 390. ஒடிசாவிலிருந்து வந்த நான்கு பெண்களுக்கு 350தான். கேட்டால், "ஆண்கள் பண்டல் தூக்குகிறார்கள், லோடு ஏற்றும் இரவில் தங்குகிறார்கள், தவிர இது சங்கத்தோடு போட்ட ஒப்பந்தக் கூலி" என்கிறார் மேனேஜர். கூட வேலை செய்யும் ஆண்களோ, "நீங்கள் கிளறினால் எங்கள் கூலியைக் குறைத்துவிடுவார்கள்" என்று பயப்படுகிறார்கள். சட்டப்படி எதுவும் செய்ய முடியுமா, ஐயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடியும், அம்மா. முதலில் உங்கள் மேசையில் இருக்கும் அந்த ஐந்து ஆண்களின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த மாதிரி வழக்குகள் முதலாளியின் வக்கீலிடம் தோற்பதைவிடச் சக தொழிலாளியின் முணுமுணுப்பில் தோற்றுப்போவதுதான் அதிகம்.

2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் என்று பிரித்துக் கூலி கொடுக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு: கூலியைச் சமமாக்குகிறேன் என்ற பெயரில் எவருடைய கூலியையும் குறைக்கக் கூடாது. அதாவது 390ஐ 470 ஆக்கலாம், 470ஐ 390 ஆக்க முடியாது. இந்தத் தடை 1976ஆம் ஆண்டின் பழைய சம ஊதியச் சட்டத்திலேயே இருந்ததுதான். இந்த வரியை ஒரு தாளில் எழுதி அந்த ஐந்து பேரிடமும் கொடுங்கள்.

இனி பண்டல் கதைக்கு வருவோம். 'ஒத்த தன்மையுள்ள வேலை' என்றால் என்ன என்பதைச் சட்டமே விளக்குகிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒரேவிதமாகத் தேவைப்பட வேண்டும். வேலைச் சூழலும் ஒத்திருக்க வேண்டும். சிறு வித்தியாசம் இருந்தால் அது நடைமுறையில் முக்கியத்துவம் இல்லாததாக இருக்க வேண்டும். ஆகவே 'ஆண்களால் பண்டல் தூக்க முடியும்' என்பது பதிலே ஆகாது. யார் தூக்குகிறார்கள், வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. எட்டு மணி நேர ஷிப்டில் ஏழே முக்கால் மணி நேரம் உங்களைப் போலவே டேமேஜ் பார்த்துவிட்டு, கால் மணி நேரம் பண்டலைத் தள்ளி வைப்பவருக்கு அந்தக் கால் மணி நேரத்துக்கு எண்பது ரூபாய் என்று சொன்னால் எந்த அதிகாரியும் புருவத்தை உயர்த்துவார். ஆனால் அவர்களில் ஒருவர் தினமும் பாதி நாள் லோடு வேலையே பார்க்கிறார் என்றால் அவரோடு உங்களை ஒப்பிடாதீர்கள். அவரை விட்டுவிட்டு மற்ற நால்வரோடு ஒப்பிடுங்கள். வழக்கின் பலம் யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

இரவில் தங்குவது? தங்கிய இரவுக்குத் தனியாகக் கூலி கொடுக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்துப் பகல் ஷிப்டின் அடிப்படைக் கூலியை உயர்த்திக் கொடுப்பதுதான் பிரச்சினை. பெண்களை இரவில் வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தராது என்று மேனேஜர் சொன்னால், அவர் கால் நூற்றாண்டு பின்தங்கியிருக்கிறார் என்று பொருள். தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் இருந்த அந்தத் தடையை 2000ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பாதுகாப்பு ஏற்பாடும் பெண்ணின் சம்மதமும் வேண்டும், அவ்வளவுதான்.

ஒப்பந்தக் கூலி என்ற வாதம் கேட்கப் பெரிதாகத் தெரியும். அதற்கு 1987இலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. மெக்கின்னன் மெக்கென்சி என்ற கப்பல் நிறுவனத்துக்கும் அங்கே ஸ்டெனோகிராபராக இருந்த ஆட்ரி டிகோஸ்டாவுக்கும் இடையிலான வழக்கு அது. பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுத்தோம் என்றது நிறுவனம். கம்பெனியின் நிதி நிலைமை தாங்காது என்றும் வாதிட்டது. இரண்டும் எடுபடவில்லை. காகிதத்தில் செய்யக்கூடிய வேலைகளைப் பார்க்காதே, வழக்கமாகச் செய்யும் வேலையைப் பார் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு. சங்கத் தலைவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒடிசாப் பெண்களின் விஷயம் சற்றுச் சிக்கலானது. இனம், பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் கூலி விஷயத்தில் அது கட்டுப்படுத்துவது அரசை. தனியார் முதலாளியை அல்ல. ஊதியத் தொகுப்பின் 3ஆம் பிரிவோ பாலினத்தை மட்டுமே பேசுகிறது. 'இந்த மாநிலத்துக்காரர் என்பதால் குறைத்தேன்' என்ற முதலாளியை அந்தப் பிரிவால் நேரடியாகப் பிடிக்க முடியாது. இது சட்டத்தில் உள்ள ஓட்டை. அதற்காக அந்த நால்வரை விட்டுவிடாதீர்கள். அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒடிசா ஆண்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கு என்ன கூலி என்று விசாரியுங்கள். அவர்களுக்கு 350ஐவிட அதிகம் என்றால், காரணம் ஊர் அல்ல, பெண் என்பதுதான் என்று நிரூபணமாகிறது. அப்படி யாரும் இல்லையென்றாலும் இன்னொரு கதவு இருக்கிறது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கு மாநிலமும் கிடையாது, மொழியும் கிடையாது. 350 என்பது அதற்குக் கீழே இருந்தால் அது ஒன்றே தனி வழக்கு.

கணக்கைப் பாருங்கள். ஷிப்டுக்கு எண்பது, மாதம் 26 ஷிப்ட் என்றால் 2,080 ரூபாய். வருடத்துக்கு 24,960. ஊதியத் தொகுப்பின் 45ஆம் பிரிவின்படி உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். மூன்று வருடத்துக்கு 74,880 ரூபாய், ஒரு ஆளுக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாட்களைச் சேர்த்தால் இன்னும் ஏறும். 2025 நவம்பர் 21க்கு முந்தைய பாக்கிக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டமும் பிந்தையதற்குப் புதிய தொகுப்பும் பொருந்தும் என்பதால் மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள். பாக்கிக்கு மேல் அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்ட ஈடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அது உச்சவரம்புதான். அதை நம்பி நகைச்சீட்டு போட்டுவிடாதீர்கள்.

என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்பீர்கள். கூலிச் சீட்டு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. அதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், கேட்ட தேதியைக் குறித்துவையுங்கள். பி.எப். பாஸ்புக்கில் மாதா மாதம் கட்டிய தொகையைப் பார்த்தால் எந்தக் கூலிக்குக் கட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். ஆண்களின் கூலிப் பதிவேடு உங்கள் கைக்குக் கிடைக்காது, கவலை வேண்டாம். அதைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட அதிகாரிக்கு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும். இன்று முதல் ஒரு மாதம், தினமும் யார் எந்த வேலை பார்த்தார்கள், பண்டல் தூக்கியது யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வழக்கில் ஒரு அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்ததைக் கொண்டுவந்தார். குறுக்கு விசாரணையில் கம்பெனியின் தடிமனான பதிவேடு தடுமாறியது, பால் கணக்கு நோட்டு தடுமாறவில்லை.

வேலையை விட்டு நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அதனால் ஒருவராகப் போகாதீர்கள். பதினான்கு பேரும் ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். பதிவு பெற்ற சங்கம் உங்களுக்காக மனு போடவும் வழி இருக்கிறது. அப்படியும் யாரையாவது நிறுத்தினால் அது தனித் தொழில் தகராறு. வாய்மொழியாக 'நாளைக்கு வராதே' என்றால், மறுநாளும் போய் வாசலில் நின்று, உள்ளே விடவில்லை என்று அன்றே பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள்.

மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இந்த மனுவை விசாரிக்கும் அதிகாரி யார் என்று கேட்டு அவர் பெயருக்கே கொடுங்கள். வக்கீலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். மனுவுக்கு இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வீட்டுக்குக் கிளம்புங்கள்.