36 நிறப் பெட்டி வேண்டாம், நாலு டியூப் போதும்: கைவினைப் பொருட்கள் கேள்வி-பதில்

கேள்வி: வாட்டர்கலர் பழக 36 நிறப் பெட்டியும் ஒரு டிராயிங் நோட்டும் வாங்கினேன். தாள் அலை அலையாக எழும்புகிறது. நிறங்களைக் கலந்தால் சேறாகிறது. இதைவிட நல்ல பெட்டி வாங்கலாமா?

பதில்: பெட்டி இருக்கட்டும், முதலில் தாளை மாற்றுங்கள். டிராயிங் நோட்டுத் தாள் பென்சிலுக்கானது. ஈரம் பட்ட இடத்தில் நார் உப்பும், படாத இடம் அப்படியே கிடக்கும். அதனால்தான் அந்த அலை. அட்டையில் '300 ஜிஎஸ்எம்' (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), 'கோல்டு பிரஸ்டு' (லேசான சொரசொரப்பு) என்று போட்ட தாளை வாங்கி, நான்கு ஓரத்தையும் பலகையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டு வரையுங்கள். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால், தண்ணீரைத் தடுக்கும் பசைப்பூச்சு போதாத தாள். அதில் எந்த வண்ணமும் மங்கித்தான் தெரியும். '100% காட்டன்' தாளுக்கு விலை கூடுதல், ஆனால் ஈரம் நெடுநேரம் நிற்கும், அழுத்தித் துடைத்தாலும் மேல்பரப்பு பிய்யாது. பெரிய தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது சேறு. டியூபின் பின்பக்கம் 'பிபி29', 'பிவி19' என்று நிறமியின் (நிறம் தரும் பொடியின்) குறியீடு இருக்கும். மலிவான பெரிய பெட்டிகளில் ஒரே நிறத்துக்குள் இரண்டு மூன்று நிறமிகளைக் கலந்திருப்பார்கள். அப்படிப்பட்ட இரண்டை நீங்கள் கலந்தால் உண்மையில் ஐந்தாறு நிறமிகள் சேர்கின்றன, நிறம் செத்துவிடுகிறது. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் வைத்தாலும் இதே கதைதான். அதனால் ஒற்றை நிறமி உள்ள நான்கு டியூப் வாங்குங்கள்: அல்ட்ராமரின் நீலம் (பிபி29), குவினாக்ரிடோன் ரோஸ் (பிவி19), மஞ்சள் (பிஒய்154), பர்ன்ட் சியன்னா (பிபிஆர்7). 5 மில்லி டியூபே நிறைய நாள் வரும். நீலத்தோடு ரோஸ் சேர்ந்தால் தெளிந்த ஊதா; அதே நீலத்தோடு பர்ன்ட் சியன்னா சேர்ந்தால் மேகச் சாம்பலில் தொடங்கி ஏறக்குறைய கறுப்பு வரை வரும். தனியாகக் கறுப்பு வாங்கவே தேவையில்லை. பிஆர்83 என்ற குறியீடு உள்ள அலிசரின் கிரிம்சனைத் தவிர்த்துவிடுங்கள், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும்.

பிரஷ் 8ஆம் எண் உருண்டை முனை ('ரவுண்ட்') ஒன்று போதும். தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறினால் நுனி தானாகக் கூர்ந்து நிற்க வேண்டும்.

கேள்வி: குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னலில்) போர்வை போடுகிறேன். பாதியில் நூல் தீர்ந்து, அதே நிற எண்ணில் இன்னொரு கண்டு வாங்கினேன். சேர்ந்த இடத்தில் கோடு போட்டதுபோல் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. நிற எண் ஒன்றாக இருந்தாலும் சாயத் தொட்டி வேறு. லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் 'லாட்' என்று இன்னொரு எண் இருக்கும். அதுவும் ஒத்துப்போனால்தான் நிறம் ஒத்துப்போகும். இப்போதைக்கு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வரிசையைப் பிரித்துவிட்டு, பழைய நூலில் இரண்டு வரிசை, புது நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கோடு கலைந்துவிடும்.

அடுத்த முறை தராசை வைத்துக் கணக்குப் போடுங்கள். முழு அகலத்தில் சில வரிசை போட்டபின் கண்டை நிறுத்துப் பாருங்கள், இன்னும் இரண்டு வரிசை போட்டு மறுபடி நிறுங்கள். 7 கிராம் குறைந்திருந்தால் வரிசைக்கு 3.5 கிராம். 90 வரிசைக்கு 315 கிராம். ஓரத்துக்கும் பிரித்துப் போடுவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 350க்குக் கொஞ்சம் குறைவு. 100 கிராம் கண்டு நான்கை ஒரே லாட்டில் முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

கேள்வி: லேபிள் இல்லாத நூல் கிடைத்தது. கம்பளியா, அக்ரிலிக்கா?

பதில்: பேச்சில் எல்லாவற்றையும் 'உல்லன்' என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் இந்தக் குழப்பம் சகஜம். நான்கு விரற்கடை நூலை இரும்பு இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்தால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியபின் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல்; உருகுவது சூடாக இருக்கும்போது கை வைக்காதீர்கள். காகிதம் எரியும் வாடையும் தொட்டால் பொடியாகும் சாம்பலும் பருத்தி. கலப்பு நூலில் இரண்டு குணமும் தெரியும். கம்பளி என்று தெரிந்தால் வெந்நீரில் போட்டுக் கசக்கவே கூடாது, சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

கேள்வி: எம்பிராய்டரி முடித்துத் துவைத்ததும் சிவப்பு நூல் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது. போக்க முடியுமா?

பதில்: காய விடாமல் இருந்தால் முடியும். இஸ்திரி போடவே போடாதீர்கள், சூட்டில் கறை பிடித்துக்கொள்ளும். ஓடும் குளிர்ந்த நீரில், வடியும் நீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு மடிக்காமல், வெள்ளைத் துவாலைமேல் விரித்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். புது நூல் வாங்கும்போது, அடர்சிவப்பையும் கருநீலத்தையும் மட்டுமாவது ஒரு சாண் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளை டிஷ்யூவில் அழுத்திப் பார்த்துவிட்டு ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.