லேப்ராஸ்கோப்பி என்றால் குழந்தை சீக்கிரம் தேறிவிடுமா?

இரண்டு வயதுப் பிள்ளைக்கு எதுக்களிப்பு நிற்க ஃபண்டோப்ளிகேஷன் என்ற ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்தா, எதில் சீக்கிரம் தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கிலாந்தில் குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். 'சின்னத் துளைகள்தானே, சட்டென்று வீட்டுக்குப் போய்விடலாம்' என்று நம்பி வரும் பெற்றோரிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டுக்கு அனுப்பும் நாளை முடிவு செய்வது தழும்பின் நீளம் இல்லை, பால் இறங்குவதுதான்.

வெளியே எப்படி வெட்டினாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றே. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைக்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த இடம் வீங்கி இறுகியிருக்கும். ஏப்பம் வெளியே வராது, வயிறு உப்பிக்கொள்ளும்.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 39 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2011இல் முடிவு வெளியானது. முழு அளவு பால் குடிக்க ஆன நாள், ஆஸ்பத்திரியில் தங்கிய நாள், வலி மருந்து எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஓங்கரிப்பு, லேப்ராஸ்கோப்பி செய்த பிள்ளைகளுக்கு நன்றாகவே குறைந்திருந்தது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றும் வெளியே வராமல் பிள்ளை திரும்பத் திரும்ப ஓங்கரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெற்றவர்களுக்குப் பெரிய வேதனை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நார்வேயில் செய்த ஆய்வில் சில வருஷம் கழித்துப் பார்த்தபோது, எதுக்களிப்பு திரும்பியது லேப்ராஸ்கோப்பி பிள்ளைகளில் 37 சதவீதம், திறந்து செய்தவர்களில் 7 சதவீதம். லண்டன் பிள்ளைகளிடம் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எந்த முறை என்பதோடு, இந்த டாக்டர் இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறாரா, அவர் கையில் எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது என்றும் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பால் கொடுக்க வயிற்றில் குழாய் வைத்து அனுப்பினால், காற்றை வெளியேற்றும் விதத்தை வார்டிலேயே உங்கள் கையால் செய்து பழகிவிடுங்கள். பிஸ்டனை எடுத்துவிட்ட பெரிய சிரிஞ்சைக் குழாயில் மாட்டி, வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பால் ஏறி வரும், குமிழி விடும், அப்புறம் வயிறு தளரும். பிள்ளையின் முகத்திலேயே தெரிந்துவிடும். வாயால் சாப்பிடும் பிள்ளை என்றால் முதல் சில வாரம் கூழாக, கொஞ்சம் கொஞ்சமாக. ரொட்டி, இறைச்சித் துண்டு எல்லாம் டாக்டர் சரி சொன்ன பிறகுதான்.

வயிறு கல் மாதிரி இறுகி, காற்றும் வராமல், பிள்ளை வாந்தி எடுக்க முயன்றும் முடியாமல் தவித்தால், எந்த முறையில் செய்திருந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.