நீல அச்சுக்கு எந்தப் பெராக்சைடை வாங்குவது?

கேள்வி: ரசாயனம் பூசிய தாளை வெயிலில் காட்டி நீல நிறப் படம் எடுக்கும் சயனோடைப் முறையில் வீட்டிலேயே படம் அச்சிட்டுப் பழகி வருகிறேன். கழுவும் நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் நீலம் ஆழமாகும் என்கிறார்கள். ரசாயனக் கடையிலோ 30 சதவீதக் கரைசலை 5 லிட்டர் கேனாக எடுத்தால் மலிவு என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மருந்துக் கடையில் காயம் கழுவ விற்கும் சிறிய பாட்டிலே தாராளம். அதில் '20 வால்யூம்' என்றிருந்தால் அது ஏறத்தாழ 6 சதவீதக் கரைசல். ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி ஊற்றி, மஞ்சள் கறை போக அலசிய படத்தை அதில் அமிழ்த்தினால், வெளிறிக் கிடந்த நீலம் சில நொடிகளில் கண்ணெதிரே அடர்ந்து வரும்.

ஆனால் அது பெராக்சைடு புதிதாகக் கொடுத்த நிறம் அன்று. வெயில் மிகுதியாகப் பட்ட இடங்களில் நிறமிழந்து நின்ற பிரஷ்யன் நீலத்தை (இந்த அச்சின் நீல நிறமி) அது உடனே ஆக்சிஜனேற்றம் செய்து மீட்கிறது. படத்தைக் காற்றில் உலரவிட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் அதே நீலம் தானாகவே வந்துவிடும். ஆகவே அவசரம் இல்லாதவர் பெராக்சைடு வாங்கவே வேண்டியதில்லை. 30 சதவீதக் கரைசலோ தோலை வெளுக்கச் செய்து புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அது ஓயாமல் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடுவதால், வேறு பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைத்தால் வெடிக்கவும் கூடும். முடிச்சாயத்துடன் விற்கும், பெராக்சைடு கலந்த க்ரீம் டெவலப்பரும் உதவாது. அதிலுள்ள எண்ணெய்ப்பசை தாளில் படியும்.

1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இம்முறைக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளே அடிப்படை. உங்கள் கவனம் அவற்றை வாங்குவதில் இருக்கட்டும். ஃபெரிசயனைடு கேட்டால் ஃபெரோசயனைடை எடுத்துத் தரும் தவறு எளிதில் நேரும். முன்னது செந்நிறப் படிகம், பின்னது வெளிர்மஞ்சள். சிட்ரேட்டுடன் கலந்தால் பின்னது வெயில் படாமலே கிண்ணத்தை நீலமாக்கிவிடும். எனவே முழுப்பெயரையும் பில்லில் எழுதச் சொல்லி, மூடியைத் திறக்கும் முன்பே லேபிளைச் சரிபாருங்கள். ஆய்வகத் தரம் போதும், அதற்கு மேற்பட்ட தரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். வலுவான அமிலம் பட்டால் ஃபெரிசயனைடிலிருந்து நச்சுவாயு எழும் என்பதால், கழிப்பறை ஆசிட் இருக்கும் அலமாரியில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். படத்தில் அடர்ந்த, வெளிறிய பகுதிகளுக்கு இடையிலான மாறுபாட்டைக் கூட்டுவதற்கென்று சில செய்முறைகள் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கேட்கும். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.