காத்தாடியை எங்கே நிறுத்தலாம்? பிள்ளைகளையே கேளுங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காற்றாலை பற்றியும், அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது பற்றியும் எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் காற்றாலை புதிதே இல்லை, காலையில் பல் தேய்க்கும்போதே நாலு காத்தாடி கண்ணில் படும் (இங்கே யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான்). ஆனால் தினமும் பார்க்கிற பொருளைப் பற்றிக் கேள்வி கேட்க வைப்பதுதான் பெரும்பாடு.

முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோல் மலை, பச்சைச் சாயம் அடித்த மரத்தூள், நடுவில் பேட்டரியில் சுற்றும் ஒரு காத்தாடி, இப்படி ஒரு மாடல் செய்தோம். பரிசெல்லாம் கிடைத்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "சார், பேட்டரி தீந்துட்டா காத்தாடி நின்னுருமா?" என்றான். கரண்ட் கொடுக்க வேண்டிய பொருளைக் கரண்ட் தின்கிற பொருளாகச் செய்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. தயவுசெய்து அந்த மாடலை மட்டும் செய்யாதீர்கள். பழைய சிடி பிளேயர் மோட்டாரில் பிவிசி குழாயைச் சீவி இறக்கை மாட்டுங்கள், இரண்டு ஒயரையும் மல்டிமீட்டரில் கொடுத்துவிட்டுக் காற்றில் பிடியுங்கள். முள் அசைந்தால் போதும், பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி இடம். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான பாதி, பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரமும் இரண்டு மடங்கு என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். உண்மையில் காற்றில் இருக்கும் திறன் எட்டு மடங்காகும். ஒரு நொடியில் இறக்கை வழியாகப் போகும் காற்றின் அளவு இரண்டு மடங்கு, அதில் ஒவ்வொரு கிலோ காற்றும் கொண்டுவரும் ஆற்றல் நாலு மடங்கு, இரண்டையும் பெருக்கினால் எட்டு. இதைக் கரும்பலகையில் போட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்: நொடிக்கு 4 மீட்டர் வீசும் இடத்தை விட்டு 5 மீட்டர் வீசும் இடத்துக்குப் போனால் எவ்வளவு கூடும்? 64-க்கு 125, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரே ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு இவ்வளவா என்று வாயைப் பிளப்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி, முப்பந்தலிலும் காவல்கிணற்றிலும் ஏன் இப்படிக் குத்திக் குத்தி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது தானாகவே புரிந்துவிடும். மேற்கே இருந்து வரும் காற்று மலையில் முட்டி, கிடைத்த சந்து வழியே நெருக்கியடித்துக்கொண்டு வேகமாக வருகிறது.

அப்புறம் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். நான் தேங்காய் பறிக்கும் நீளக் கம்பு ஒன்றை எடுத்து அடியில், நடுவில், நுனியில் என்று மூன்று இடத்தில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டினேன். பள்ளிக் கட்டிடத்துக்குப் பின்னால் நின்றால் அடித்துணி ஒரு சமயம் கிழக்கே போகிறது, ஒரு சமயம் சுவரைப் பார்த்தே திரும்பி வருகிறது, நுனித்துணி மட்டும் ஓரளவு ஒரு திசையில் நிற்கிறது. குளத்துக்கரை மேல் ஏறியதும் மூன்றும் விறைத்து ஒரே பக்கம் நீட்டிக்கொண்டன. கொந்தளிப்பு, உயரம் கூடக் கூட வேகம் கூடுவது, தடை இதெல்லாம் விளக்காமலே விளங்கிவிட்டது. "அப்போ எங்க வீட்டு மொட்டை மாடில வச்சா?" என்று கேட்ட பிள்ளையிடம் அந்தக் கம்பையே கொடுத்து அனுப்பினேன். மறுநாள், "துணி சும்மா சுத்துது சார், வேண்டாம்" என்று அவளே சொல்லிவிட்டாள். பக்கத்தில் பொத்தை (சின்னப் பாறைக் குன்று) இருந்தால் அதன் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். உடைமரங்களையும் கவனிக்கச் சொல்லுங்கள், காற்று ஓயாமல் அடிக்கும் இடத்தில் மேற்குப் பக்கம் கட்டையாகவும் கிழக்குப் பக்கம் நீண்டும் வளர்ந்திருக்கும்.

கடைசியில் மைதானத்தில் சுண்ணாம்பால் ஊர் வரைபடம் போட்டு, ஆளுக்கு மூன்று சோடா மூடி கொடுத்து, காத்தாடி நிறுத்தச் சொல்வேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய்க் குவிப்பார்கள். முன்னால் நிற்பது காற்றைக் கலக்கிவிட்டால் பின்னால் நிற்பதற்கு மிச்சம்தானே கிடைக்கும். தமிழ்நாட்டில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, காற்றுக்குக் குறுக்கே இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, காற்று போகும் திசையில் ஏழு மடங்கு. விட்டம் 100 மீட்டர் என்றால் 500 மீட்டரும் 700 மீட்டரும். அந்த அளவுக்குக் கயிறு வெட்டிக் கொடுத்தால் பாதி மூடி வரைபடத்துக்கு வெளியே போய்விடும், சண்டை அங்கேதான் தொடங்கும். ஒரு குழு, பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளம் கரையில் வைத்தது. கூழைக்கடாவும் நாரையும் எந்த வழியாக இறங்கும் என்று அந்த ஊரில் உறவுக்காரர்கள் இருக்கும் பிள்ளை கேட்டதும் மூடியை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு எவ்வளவு தள்ளி, இரவில் இரைச்சல் கேட்குமா, அவ்வளவு நீள இறக்கையை ஏற்றிய லாரி எந்தத் தெருவில் திரும்பும், துணை மின்நிலையம் எங்கே என்று அவர்களே கேட்டுக்கொண்டே போவார்கள். நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் (எனக்கு அது கஷ்டம்).

"ஐப்பசியில காத்தாடி நிக்குதே, அப்போ கரண்ட்?" என்று ஒருவராவது கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். எங்கள் காற்றெல்லாம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும்தான், மற்ற மாதங்களில் பெரும்பாலும் அனல்மின் நிலையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும்தான் தாங்க வேண்டும். அங்கே ஒரு உலை 1000 மெகாவாட், 2 மெகாவாட் காத்தாடி 500 நிறுத்தினால் தாளில் சரியாகிவிடும், ஆனால் காற்று வருஷம் முழுக்க வீசாதே என்று அவர்களையே கணக்குப் போட விடுங்கள்.

வெளியே போவதற்கு ஆனி, ஆடிதான் நல்ல சமயம், காலையில் போனால் வெயிலும் தெரியாது. கம்பைப் பிடிக்க இரண்டு பிள்ளைகள் வேண்டும். ஆடியில் மூன்று பேர்.