கேளுங்கள், பேசுவோம்: சம்மர் கேம்ப் போகாத லீவு

கேள்வி: மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. வேலையை விட்டுவிட்டதால் இந்த லீவு முழுக்க நான் வீட்டில்தான். தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் நீச்சல், அபாகஸ், கீபோர்டு என்று போகிறார்கள். என் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், "போரடிக்குது" என்கிறார்கள். அவர்கள் நேரத்தை வீணாக்குகிறேனா? – வாசகி, கரூர்

பதில்: இல்லவே இல்லை. ஐந்து வயதுப் பையனுக்கு இந்த மே மாதத்தில் அபாகஸ் வராவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

உங்கள் சின்னவளைக் கவனியுங்கள். "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரண்டிரண்டு சொல்லாகக் கோக்கிற வயது அது. பள்ளி திறப்பதற்குள் "அண்ணா என் பொம்மைய புடுங்கிட்டான்" என்று முழுசாக வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை. புகார் சொல்லத்தான் பிள்ளைகள் அவ்வளவு அவசரமாகப் பேசக் கற்கிறார்களோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அந்தச் சண்டைகளும் வீண் இல்லை. அடி, கடி இல்லாதவரை நீங்கள் நாட்டாமை பண்ணப் போகாதீர்கள்.

பெரியவன் விதி வைத்து விளையாடுகிற வயதுக்கு வந்துவிட்டான், கூடவே விதியை வளைக்கவும் தொடங்கியிருப்பான். பரணில் பல்லாங்குழி கிடந்தால் இறக்குங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, எண்ணிப் போட்டு எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே யோசிப்பது, இதற்கு மேல் என்ன கணக்கு வகுப்பு? ஆனால் சின்னவள் தூங்கும்போது மட்டும். அந்தக் கொட்டை வாய்க்குள் போனால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

அப்புறம், வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை உருவலாம், சாக்ஸ் ஜோடி சேர்க்கலாம், காலையில் மாடியில் வடாம் பிழிந்தால் கொஞ்ச நேரம் காக்கா விரட்டலாம் (பாதி மாவு அவன் வாய்க்குத்தான் போகும், போகட்டும்). கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் வெளியே விட வேண்டாம், சாயங்காலம் ஓடட்டும். "போரடிக்குது" என்றதும் போனை நீட்டிவிடாமல் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள், தலையணையெல்லாம் பஸ்ஸாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, இரண்டு முதல் நான்கு வயது வரை திரை முன் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

நாள் முழுக்க உட்கார்ந்து பிள்ளைகளை ரசித்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. மதியம் அவர்கள் தூங்கினால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு நீங்களும் படுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்கள் அப்பா பார்த்துக்கொள்ளட்டும், அது உதவி இல்லை, அவர் வேலை.

கேள்வி: லீவு விட்டதும் மகனின் பேன்ட் எல்லாம் குட்டையாகிவிட்டது. வெயில் காலத்தில் பிள்ளைகள் வேகமாக வளர்வார்களா? – வாசகர், தென்காசி

பதில்: போன ஜூனில் வாங்கிய பேன்ட்தானே! இரண்டு வயதுக்குப் பிறகு பருவ வயது வரை பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர்வார்கள். பள்ளி நாட்களில் அவசர அவசரமாக மாட்டி அனுப்பும்போது கண்ணில் படாதது லீவில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சுவரில் கோடு போட்டு அளப்பதானால் ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் அளங்கள், காலையில் எழுந்ததும் எல்லோருமே சாயங்காலத்தைவிடக் கொஞ்சம் உயரமாகத்தான் இருப்போம். புது யூனிஃபார்மில் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.