எலிசபெத் காட்டனின் தலைகீழ்க் கிட்டார் – கடிதம்

ஐயா,

என் மகளுக்கு 12 வயது, இடக்கைப் பழக்கம். கிட்டார் வகுப்பில் தந்திகளை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். அவளோ இடக்கைப் பழக்கமுள்ள அமெரிக்கக் கறுப்பினக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டனின் காணொளியைப் பார்த்துவிட்டு, சாதாரணக் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசிக்கிறாள். விடலாமா, தடுக்கலாமா? இன்னொன்று, அமெரிக்க ஊர்ப்புற இசையான கன்ட்ரியின் வரலாறுகளில் இந்த அம்மையார் பெயரே கண்ணில் படவில்லையே, ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விடலாம். அதற்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டு விடுங்கள்.

எலிசபெத் காட்டன் 1893-இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் பகுதியில் பிறந்தவர். கற்றது அண்ணனின் பாஞ்சோவில். அடுத்தவர் வாத்தியத்தில் தந்தியை மாற்றிக் கட்ட முடியாது, ஆகவே திருப்பிப் பிடித்தார். பிறகு வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தில் 3.75 டாலருக்கு ஒரு ஸ்டெல்லா கிட்டார் வாங்கினார். சொந்தக் கிட்டார்தான், ஆனால் அதற்குள் கை படிந்துவிட்டது. ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பாட்டைக் கட்டியபோது ஏறக்குறைய உங்கள் மகளின் வயதுதான்.

தந்தியை மாற்றிக் கட்டுவது கேட்பதற்கு எளிது. கிட்டாரின் நட்டில் (கழுத்தின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) ஒவ்வொரு தந்திக்கும் அதனதன் தடிமனுக்கு வெட்டிய பள்ளம் இருக்கிறது. சாதாரண லைட் செட்டில் முதல் தந்தி, அதாவது மிக மெல்லியது, 0.012 அங்குலம், ஆறாவது 0.053. மெல்லிய பள்ளத்தில் தடித்த தந்தி உட்காராது. தடித்த பள்ளத்தில் மெல்லிய தந்தி ஆடி இரையும். எனவே நட்டை மாற்ற வேண்டும். எஃகுத் தந்திக் கிட்டாரில் சேடிலும் (உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பட்டை) சாய்வாக வைக்கப்பட்டிருக்கும், தடித்த தந்திகளுக்குச் சற்று அதிக நீளம் கிடைப்பதற்காக. தந்திகள் இடம் மாறினால் அந்தச் சாய்வு எதிர்த்திசையில் வேலை செய்யும், உடலை ஒட்டிய மேல் ஃபிரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) சுருதி விலகும். (நைலான் தந்திக் கிட்டாரில் சேடில் பெரும்பாலும் நேராக இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.) காட்டன் வழியில் இவை எதுவும் தேவையில்லை. உலகத்தின் எந்தக் கிட்டாரையும் வாங்கிய கையோடு வாசிக்கலாம்.

விலை விரல்களில்தான். சி கார்டில் (கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) இரண்டாம் தந்தியை அழுத்தும் விரல், மற்றவர்களுக்கு முதல் தந்தியை அமுக்கிவிடும். உங்கள் மகளுக்கு மூன்றாம் தந்தி அமுங்கும், ஏனென்றால் விரல் தடித்த தந்திகளைத் தாண்டி வருகிறது. விரலை நன்றாக வளைத்து நுனியால் அழுத்தச் சொல்லுங்கள். எஃப் கார்டில் கட்டைவிரலை மேலே சுற்றி ஆறாம் தந்தியைப் பிடிக்கும் உத்தியும் அவளுக்கு இல்லை. அந்தத் தந்தி எதிர்ப்பக்கம் போய்விட்டது. கீழ்நோக்கி வாரினால் மெல்லிய தந்திதான் முதலில் ஒலிக்கும்.

லாபம் வாசிக்கும் கையில் இருக்கிறது. காட்டனின் கட்டைவிரல் மெட்டை வாசிக்கிறது, ஆள்காட்டி விரல் தடித்த தந்திகளின் பாஸை மாற்றி மாற்றித் தட்டுகிறது. வலுவான விரலுக்கு மெட்டு, மெலிந்த விரலுக்குத் தாளம். வலக்கைக்காரர்கள் அவரைப் போலி செய்யும்போது பாஸ் முரசு மாதிரி முந்திக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பழக வேண்டிய முறை: முதலில் மெட்டே வேண்டாம். ஆள்காட்டி விரலால் சி கார்டுக்குத் தந்தி எண் 5, 4, 5, 4. ஜி7-க்கும் இ-க்கும் 6, 4. எஃப்-க்கு 4, 3. மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60. கார்டு மாறும் இடத்தில் பாஸ் தடுக்கவே கூடாது. அதன்பிறகு பாஸோடு சேர்ந்து விழும் மெட்டுச் சுரங்களை மட்டும் கட்டைவிரலால் சேர்க்க வேண்டும். இரண்டு பாஸ்களுக்கு நடுவில் விழுபவை கடைசியில். அவசரப்பட்டு மூன்றையும் ஒன்றாகத் தொடங்குபவர்களுக்குப் பாஸ் மெட்டின் பின்னாலேயே ஓடும், அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. இந்தப் பாட்டில் இ-யிலிருந்து எஃப்-க்குப் போகும் இடம்தான் சோதனை. அதைத் தனியாக எடுத்துப் பழகட்டும்.

இரண்டாவது கேள்வி. 1920-களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் ஒரே ஊர்ப்புறப் பாட்டைத் தோல் நிறத்தை வைத்து இரண்டு பட்டியலாகப் பிரித்தன: கறுப்பர்களுக்கு ‘ரேஸ்’, வெள்ளையர்களுக்கு ‘ஹில்பில்லி’. இரண்டாவதுதான் பின்னால் கன்ட்ரி ஆனது. கன்ட்ரியின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்து மேபெல்லுக்குக் கிட்டார் நுட்பம் காட்டிய லெஸ்லி ரிடில் கறுப்பர். கன்ட்ரி கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் கைமுறையைப் பின்தொடர்ந்து போனால் கென்டக்கியின் ஆர்னால்ட் ஷுல்ட்ஸிடம் போய் நிற்கும், அவரும் கறுப்பர். பட்டியல் பிரிந்ததும் வேர் மறைந்தது. காட்டனோ அந்தக் காலத்தில் பதிவறைக்கே போனவரில்லை. மணமான பிறகு, தேவாலயத்தார் சொல்கேட்டுக் கிட்டாரைப் பல பத்தாண்டுகள் தொடவில்லை. வாஷிங்டனில் இசைக் குடும்பமான சீகர்களின் வீட்டில் வேலை செய்தபோது மறுபடி எடுத்தார். அந்த வீட்டு மகன் மைக் சீகர் பதிவுசெய்து ஃபோக்வேஸ் நிறுவனம் முதல் தட்டை வெளியிட்டது 1958-இல். அது ‘ஃபோக்’ (நாட்டுப்புறப் பாட்டு) அலமாரிக்குப் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பிரிட்டனில் முதல் ஐந்துக்குள் வந்திருந்தது, எழுதியவர்களாக வேறு இருவர் பெயரில். பெயரை மீட்க வழக்கு வேண்டியிருந்தது. கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது.

வகுப்பு ஆசிரியர் புத்தகப் படங்கள் பொருந்தாது என்று சொல்லக்கூடும். தந்தியை மாற்றிக் கட்டினால்தான் கார்டு படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்ப வேண்டும். உங்கள் மகளுக்குப் புள்ளிகள் அதே இடம்தான்; விரல் எண்களை மட்டும் விட்டுவிடலாம். டேப் (தந்திகளைக் கோடுகளாகக் காட்டும் குறிப்பு) வாசிப்பு அவளுக்கு இன்னும் எளிது, ஏனென்றால் அதில் மேல்கோடு மெல்லிய தந்தி. அவள் மடியிலும் அதுதான் மேலே இருக்கிறது.