முதலில் அந்த ஒப்பந்தத்தைப் பேசுவோம்

மகள் எந்நேரமும் கிட்டாரும் கையுமாக இருக்கிறாள், சொந்தமாகப் பாட்டு எழுதுகிறாள், பள்ளி முடிந்ததும் இதுதான் என் வேலை என்கிறாள், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், ஒரு நிறுவனம் அவளுடைய பாட்டுகளை வெளியிடுவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருப்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, உங்கள் முதல் கவலை அந்தக் கடைசி வரியாகத்தான் இருக்கவேண்டும். படிப்பா இசையா என்பதை ஆறு மாதம் கழித்துக்கூடப் பேசலாம். போட்ட கையெழுத்தை அவ்வளவு எளிதாகத் திரும்ப வாங்க முடியாது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் சேர்ந்த பாடல் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. அதைத்தான் ‘மாஸ்டர்’ என்பார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பதிப்புரிமை, தனித்தனி வருமானம். மகள் தானே எழுதி, தானே வீட்டில் பதிவு செய்திருந்தால் இன்றைக்கு இரண்டும் அவளுடையவை. பதிப்புரிமை பற்றி 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், உரிமை பிறக்க எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. படைப்பு உருவானதுமே வந்துவிடுகிறது. ஆனாலும் நாளை ஒரு தகராறு வந்தால் சான்று வேண்டும். தேதியிட்ட வரைவுகள், போனில் முணுமுணுத்துப் பதிந்த டெமோக்கள், எதையும் அழிக்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இந்த இரண்டு உரிமைகளின் வித்தியாசம் புரிய அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கதை போதும். அவர் முதல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது பதின்வயதுப் பெண். முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் நிறுவனத்திடம் இருந்தன. 2019இல் அந்த நிறுவனமே கைமாறியபோது அவையும் சேர்ந்து போயின. ஆனால் பாட்டெழுதியவர் என்ற உரிமை அவரிடம் இருந்தது. அதே பாடல்களை மறுபடி பதிவு செய்யக்கூடாது என்று ஒப்பந்தம் விதித்திருந்த காலமும் முடிந்தது. அதனால் 2021 முதல் பழைய பாடல்களையே புதிதாகப் பாடி வெளியிட்டார். பழைய மாஸ்டர்களை 2025இல்தான் விலை கொடுத்து வாங்கினார். அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கே இத்தனை வருடம் ஆயிற்று என்பதுதான் நமக்குச் செய்தி.

இப்போது உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு வருவோம். உரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம் மட்டும் கேட்கிறார்களா என்று பாருங்கள். காலம் எத்தனை வருடம்? இனிமேல் எழுதப்போகும் பாட்டுகளும் அதில் அடக்கமா? பதிவுச் செலவு, வீடியோச் செலவு எல்லாம் அவளுடைய பங்கிலிருந்து கழிக்கப்படுமா? பல ஒப்பந்தங்களில் அப்படித்தான். செலவு வசூலாகி முடியும்வரை பாடியவருக்கு ராயல்டி, அதாவது வருமானத்தில் அவருக்குரிய பங்கு, வராது. உங்களிடமே முன்பணம் கேட்கிறார்கள் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். பல நாடுகளில் 18 வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தத்தை அவரே பின்னால் ரத்து செய்ய வழியுண்டு. அதனால்தான் பெற்றோர் கையெழுத்துக்கு இப்படி அலைகிறார்கள். இசை ஒப்பந்தம் பார்த்துப் பழகிய வக்கீல் ஒருவர் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள். ‘நாளைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாய்ப்பு போய்விடும்’ என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை.

நண்பர்களோடு சேர்ந்து பாட்டெழுதினாலும் இதே கவனம் வேண்டும். பாட்டு முடிந்த அன்றைக்கே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடட்டும். பணம் வருவதற்கு முன் இதைப் பேசுவது சுலபம், வந்தபின் நட்பே போய்விடும்.

பாட்டை உலகத்துக்குக் கொண்டுபோக நிறுவனம் கட்டாயம் இல்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோகச் சேவைகள் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் முதலிய இணையப் பாட்டுத் தளங்களில் ஏற்றித் தருகின்றன. உரிமை நம்மிடமே இருக்கும். டிஸ்ட்ரோகிட்டில் வருடச் சந்தா. கட்டாமல் விட்டால் பாட்டுகள் நீக்கப்படலாம், அவை அங்கேயே இருக்கத் தனிக்கட்டணம் செலுத்தியிருந்தாலொழிய. சிடி பேபியில் ஒருமுறைக் கட்டணம், பிறகு வருமானத்தில் ஒரு பங்கு. வயது விதிகளைப் படித்து, தேவையானால் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்குங்கள்.

பணம் கொட்டும் என்று மட்டும் எண்ணவேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. இந்த எண்ணைத் தாண்ட வைக்கிறோம் என்று காசு கேட்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். போலிக் கேட்பு பிடிபட்டால் பாட்டே நீக்கப்படலாம். வருகிற தொகை சிறியதோ பெரியதோ, மகள் பெயரில் தனி வங்கிக் கணக்கில் போகட்டும். ஜாக்கி கூகன் என்ற குழந்தை நடிகரின் சம்பாத்தியத்தைத் தாயும் மாற்றாந்தந்தையுமே செலவழித்துவிட்டதால்தான் கலிபோர்னியாவில் 1939இல் தனிச்சட்டம் வந்தது. நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று சொல்லவில்லை. கணக்கு தனியாக இருந்தால் பின்னால் வீட்டுக்குள் பேச்சு வராது.

படிப்பைப் பற்றி: பள்ளியை முடிக்கட்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மேற்படிப்பை இசையிலேயே எடுக்கலாம். பாஸ்டனில் உள்ள பெர்க்லி போன்ற கல்லூரிகளில் நேர்முகத்தில் வாசித்துக் காட்டி, பாடிக் காட்டித்தான் இடம் வாங்கவேண்டும். ஒலிப்பதிவுப் பொறியியல், இசைத் தயாரிப்பு, இசை சிகிச்சை, கற்பித்தல், விளம்பரங்களுக்கு இசையமைத்தல், மற்றவர் பதிவுகளுக்குக் கிட்டார் வாசித்தல் என்று இந்தத் தொழிலுக்குள்ளேயே வழிகள் பல. மேடையில் பாடுவதை மட்டும் தொழில் என்று நினைப்பதால்தான் பெற்றோருக்குப் பாதிப் பயம் வருகிறது.

காதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் என்பது பரிந்துரைக்கப்படும் எல்லை; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் ஒத்திகை அறையில் கால் மணி நேரம்தான். காதடைப்பான் விலை அற்பம்.

பள்ளி முடிந்தபின் ஒரு வருடம் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பேன். ஆனால் எதை வைத்து அந்த வருடத்தை மதிப்பிடப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண் அவள் கையில் இல்லை, அதை விட்டுவிடுங்கள். முடித்துப் பதிவு செய்த பாட்டுகள், அரை மணி நேரம் தடுமாறாமல் மேடையில் தனியாக வாசிக்க முடிகிறதா, அறிமுகமில்லாதவர்கள் மறுபடி கூப்பிட்டார்களா, வரவுசெலவுக் கணக்கை அவளே எழுதினாளா: இவ்வளவு போதும். கல்லூரி விண்ணப்பத் தேதிகளையும் அதே தாளின் கீழே குறித்துவையுங்கள்.